மேசைமேல் ஓடும் ரயில்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், என் வீட்டுக் கார் கொட்டகையில் ஓடும் சிறிய ரயிலைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, தென்னாப்பிரிக்காவில் நம் நேட்டாலின் வெருலத்திலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை இத்தனை பேர் கேள்வி அனுப்புவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தோட்டத்தைப் பற்றியும் பிள்ளைகளின் தமிழ்ப் பாடத்தைப் பற்றியும் கேட்டிருந்தவர்கள் ஒரு மாதம் பொறுத்தருள வேண்டும்; இம்முறை பக்கம் முழுவதும் ரயிலுக்கே. "இந்த வயதில் பொம்மை ரயிலா என்று வீட்டில் சிரிப்பார்கள், பெயரைப் போடாதீர்கள்" என்று மூன்று பேர் எழுதியிருப்பதால், எல்லோருக்குமே ஊர்ப்பெயரை மட்டும் இட்டிருக்கிறேன்.

வெருலம் வாசகர்: ஐயா, நான் ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. மகன் வெளிநாடு சென்றபின் அவனுடைய அறை காலியாக இருக்கிறது. நீளம் 3.6 மீட்டர், அகலம் 2.4 மீட்டர். சிறுவயதில் நான் பார்த்த நேட்டால் ரயிலை அங்கே ஓடவிட ஆசை. கடைக்காரர் எச்.ஓ. என்ற மாதிரி ரயில் அளவில் ஒரு செட் வாங்கினால் போதும் என்கிறார். வாங்கலாமா?

கடைக்காரர் சொன்னது தவறு அன்று. ஆனால் அவர் விற்பது ஐரோப்பிய ரயில், நீங்கள் கேட்பது நேட்டால் ரயில். இரண்டுக்கும் நடுவே 368 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. நான் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மாதிரி ரயிலில் இரண்டு எண்கள் உண்டு. புதிதாக வருபவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவார்கள். முதலாவது விகிதம், அதாவது அசல் பொருளை எத்தனை மடங்கு சிறிதாக்கியிருக்கிறார்கள் என்பது. இரண்டாவது, இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம். எச்.ஓ.வின் விகிதம் 1:87, பாதையின் அகலம் 16.5 மி.மீ. இந்த 16.5ஐ 87ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1435 மி.மீ. வருகிறது, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரும்பாலான ரயில்கள் ஓடும் பாதையின் அகலம் அதுதான். நம் நாட்டின் பிரதானப் பாதைகளோ 'கேப் கேஜ்' எனப்படும் 1067 மி.மீ. அகலத்தில் போடப்பட்டவை. ஆகவே 1:87 விகிதத்தில் செய்த தென்னாப்பிரிக்க எஞ்சினை 16.5 மி.மீ. பாதையில் நிறுத்தினால், அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் பிள்ளையைப் போல அது தோற்றமளிக்கும். லிமா என்ற இத்தாலிய நிறுவனம் முன்பு நம் நாட்டு எஞ்சின்களையும் பெட்டிகளையும் இந்த முறையில்தான் விற்றது. பழைய பொருள்கள் விற்கும் சந்தைகளில் அவை இன்றும் கிடைக்கின்றன. நான் முதலில் வாங்கியதும் அதுவே; அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அகல வேறுபாட்டைப் பார்த்தும் பாராததுபோல இருந்துவிட்டு லிமாவையே ஓட்டலாம். பலர் மகிழ்ச்சியாக அப்படித்தான் ஓட்டுகிறார்கள். விகிதத்தை 1:87ஆகவே வைத்துக்கொண்டு 12 மி.மீ. பாதைக்கு மாறலாம், சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மாதிரிகளுக்காக அந்த அகலத்தில் தண்டவாளம் விற்கிறார்கள், ஆனால் அது விலை கூடியது. நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் வழி வேறு: பாதையை 16.5 மில்லிமீட்டராகவே வைத்துக்கொண்டு விகிதத்தை 1:64ஆக மாற்றிவிடுங்கள். 1067ஐ 64ஆல் வகுத்துப் பாருங்கள், 16.67 வரும். குறைவது ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே. அதைக் கண்ணால் காண முடியாது. எச்.ஓ. தண்டவாளம், தடத்தைப் பிரிக்கும் எச்.ஓ. பாயிண்ட், எச்.ஓ. எஞ்சினின் மோட்டாரும் அடிச்சட்டமும் ஆகிய எல்லாம் கடையிலேயே கிடைக்க, அவற்றின்மேல் பொருத்த வேண்டிய உடலை மட்டும் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டியோ முப்பரிமாண அச்சில் எடுத்தோ செய்துகொள்ளலாம்.

இந்த விகிதத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் உருட்டி விளையாடும் தீப்பெட்டி அளவு உலோகக் கார்களில் பெரும்பாலானவை ஏறக்குறைய 1:64தான். அதனால் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தக் காரும், 'பாக்கி' எனப்படும் சிறு சரக்கு வண்டியும் தேடி அலைய வேண்டியதில்லை. சோபாவுக்கு அடியில் கையை விட்டாலே போதும். கரும்புத் தோட்டங்களில் ஓடிய இரண்டடிப் பாதையை, அதாவது 610 மி.மீ. அகலமுள்ள சிறு ரயிலை, அதே மேசையில் சேர்க்க விரும்பினால், ஆங்கில 'N' எழுத்தால் குறிக்கப்படும் அளவின் 9 மி.மீ. தண்டவாளம் அதற்குப் பெரும்பாலும் பொருந்திவிடும். பெரிய பாதையும் சிறிய பாதையும் ஒரே விகிதத்தில் அருகருகே ஓடுவது நேட்டால் கடற்கரைக்கே உரிய காட்சி.

இனி உங்கள் அறைக்கு வருவோம். 1:64இல் நீண்ட பயணிகள் பெட்டி ஒன்று ஏறத்தாழ 30 செ.மீ. இருக்கும், 15.5 மீட்டர் நீளமுள்ள 5இ வகை மின்சார எஞ்சின் 24 செ.மீ. இருக்கும். இவை அழகாகத் திரும்ப வேண்டுமானால் வளைவின் ஆரம் 75 அல்லது 90 செ.மீ. இருக்க வேண்டும். அறையின் நடுவில் மேசை போட்டு வட்டம் வரைந்தால் நீங்கள் நிற்க இடமிராது. ஆகவே சுவரையொட்டி, இடுப்பு உயரத்தில், 40 செ.மீ. அகலப் பலகையை 'ட' வடிவில் அமையுங்கள். ஒரு முனையில் ஒரு ஸ்டேஷனைக் கட்டுங்கள்; மறுமுனையில் திரைக்குப் பின்னால் ரயில்கள் காத்திருக்க மூன்று தடங்களைப் போடுங்கள். வட்டமாகச் சுற்றும் ரயிலைப் பார்க்கப் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். ஓரிடத்திலிருந்து வந்து, நின்று, எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டித் திரும்பிப்போகும் ரயில் அப்படி அலுப்பதில்லை, ஏனென்றால் அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.

எந்த ஸ்டேஷனைக் கட்டுவது என்று நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். நீங்கள் சிறுவயதில் ஏறி இறங்கிய ஒன்று இருக்குமே, அதைக் கட்டுங்கள். பெட்டிக்குள் மடித்துவரும் ஜெர்மானிய மலைக்கிராமத்தை ஒட்டவைக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் அதில் யார் வீட்டு முருங்கை மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று உங்களால் சொல்ல முடியாது.

மெரிபேங்க் வாசகி: என் மகனுக்குப் பதினொரு வயது. தீபாவளிக்கு அவனுடைய மாமா ரயில் செட் ஒன்று வாங்கிக் கொடுத்தார். இரண்டு வாரம் இராப்பகலாக ஓட்டினான். இப்போது அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. வீணாகிவிட்டதே என்று வருத்தமாக இருக்கிறது.

வீணாகவில்லை, சகோதரி. இரண்டு வாரம் வட்டமாகச் சுற்றிய ஒன்றைப் பையன் பார்த்து முடித்துவிட்டான் என்றால் அவனுக்குப் புத்தி இருக்கிறது என்றுதான் பொருள். அந்தத் தண்டவாளங்களில் வளைந்தவற்றை எடுத்து வைத்துவிடுங்கள். நேரானவற்றோடு இரண்டு பாயிண்ட் மட்டும் புதிதாக வாங்கி, ஒன்றரை மீட்டர் நீளமும் ஒரு முழம் அகலமும் உள்ள பலகையில் அவனையே கீழ்க்கண்டவாறு அமைக்கச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் என்பவர் வகுத்த 'இங்கிள்நூக்' என்ற புதிர் இது. ஒரு தடம் மூன்றாகப் பிரிகிறது. முதல் கிளையில் ஐந்து வேகன்கள் நிற்கலாம், மற்ற இரண்டில் மும்மூன்று. பிரிவதற்கு முன்னுள்ள தடத்தில் எஞ்சினும் மூன்று வேகன்களும் மட்டுமே அடங்கும். ஓர் அங்குலம்கூடக் கூடுதலாக விடக்கூடாது, புதிரின் உயிரே அந்த நெருக்கடியில்தான் இருக்கிறது. மொத்தம் எட்டு வேகன்கள். எட்டுக்கும் எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி, ஐந்தை எடுத்து வரிசையாக வைக்க வேண்டும். அந்த ஐந்து வேகன்களை அதே வரிசையில் முதல் கிளையில் சேர்த்து நிறுத்த வேண்டும். கையால் தூக்கி வைக்கக்கூடாது. எட்டிலிருந்து ஐந்தை வரிசைப்படி எடுக்க 6720 வழிகள் உண்டு என்பதால், நாளொன்றுக்கு ஒரு முறை ஆடினாலும் அவனுடைய பள்ளிப்படிப்பு முடியும்வரை எல்லாவற்றையும் ஆடித் தீர்க்க முடியாது.

வேகன்களுக்குப் பெயரும் வேலையும் கொடுத்துவிட்டால் சுவை கூடும். ஒன்று கரும்பாலைக்குப் போகும் காலி வேகன், ஒன்றில் சர்க்கரை மூட்டை, ஒன்றில் நிலக்கரி, ஒன்று துறைமுகத்துக்கு. நீங்களும் ஒரு நாள் சீட்டெடுத்துக் கொடுத்து, எத்தனை நகர்வில் முடிக்கிறான் என்று எண்ணுங்கள். என் பேத்தி என்னைவிட நான்கு நகர்வு குறைவாக முடிக்கிறாள். அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் தீரவில்லை.

வேகத்தைப் பற்றியும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அசல் ரயில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது என்றால், 1:87 மாதிரியில் அது நொடிக்கு 19 செ.மீ. மட்டுமே நகர வேண்டும். வேகன் பிரிக்கும் இடங்களில் எஞ்சின் மனிதன் நடக்கும் வேகத்தில்தான் போகும், அதாவது நொடிக்கு ஒன்றரை செ.மீ. அந்த நிதானம் கைக்கு வந்துவிட்டால் மலிவான எஞ்சினும் அசலைப் போலத் தோன்றும்.

இசிபிங்கோ பீச் வாசகர்: வீடு கடலுக்கு அருகில். ஒரு வாரம் ஓட்டாமல் விட்டால் எஞ்சின் விக்கி விக்கி நிற்கிறது. விரலால் தட்டினால் நகர்கிறது. மோட்டார் போய்விட்டதா?

மோட்டார் நன்றாகத்தான் இருக்கும்; மின்சாரம்தான் போய்ச் சேரவில்லை. டர்பன் காற்றின் ஈரமும் உங்கள் ஊர் உப்பும் சேர்ந்து தண்டவாளத்தின்மேல் ஒரு படலத்தை உண்டாக்குகின்றன. முதலில் தண்டவாளத்தின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் அது பித்தளை. அதன்மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும், நீங்கள் எத்தனை முறை துடைத்தாலும் விரைவில் திரும்ப வரும். அதை மாற்றிவிடுவதே மேல். வெள்ளையாக இருந்தால் அது ஜெர்மன் சில்வர், அதாவது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். வெள்ளி அதன் பெயரில் மட்டும்தான் உண்டு. கடற்கரை வீட்டுக்கு அதுவே ஏற்றது.

துடைப்பதற்கு உப்புத்தாள் வேண்டாம். நான் ஒரு முறை பொறுமையிழந்து, கதவு தேய்க்க வைத்திருந்த உப்புத்தாளால் முழுப் பாதையையும் பளபளவென்று தேய்த்தேன். அன்று மாலை எஞ்சின் குதிரைபோல ஓடியது. ஒரே வாரத்தில் முன்னைவிட மோசமாகிவிட்டது, ஏனென்றால் தாள் போட்ட கீறல்கள் ஒவ்வொன்றிலும் கரி போய் உட்கார்ந்துகொண்டது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பழைய வேட்டித் துணியில் நனைத்து, விரலில் சுற்றித் துடைத்தால் போதும். பிறகு எஞ்சின் சக்கரங்களைக் கவனியுங்கள், பலர் மறந்துவிடுவது அதைத்தான். நனைத்த துணியைப் பாதையின் குறுக்கே விரித்து, எஞ்சினின் முன்பாதிச் சக்கரங்கள் துணிமேலும் பின்பாதிச் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்தின்மேலும் இருக்குமாறு கையால் பிடித்துக்கொண்டு மின்சாரத்தைக் கொடுங்கள். துணிமேல் இருக்கும் சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுழன்று, கண்ணுக்கு மை தீட்டியதுபோல இரண்டு கறுப்புக் கோடுகளை இழுக்கும். கோடு விழாத இடத்துக்குத் துணியை நகர்த்தி, கோடு வெளுக்கும்வரை செய்துவிட்டு, எஞ்சினைத் திருப்பிப் பின்பாதியையும் அவ்வாறே செய்யுங்கள்.

இதற்குப் பின்னும் விக்கினால் குறை இணைப்புகளில் இருக்கிறது. இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் சிறு தகடு, அவற்றை நேர்க்கோட்டில் பிடித்துவைக்கத்தான் பயன்படும். மின்சாரத்தைக் கடத்துவதற்கு அதை நம்பக்கூடாது. ஒவ்வொரு துண்டின் வெளிப்பக்கத்திலும் மெல்லிய கம்பி ஒன்றை ஈயப்பற்று வைத்து, பலகைக்கு அடியில் ஓடும் தடித்த கம்பியோடு சேர்த்துவிடுங்கள். வெயில் காலத்துக்காக இணைப்புகளில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கவும் வேண்டும். பலகை பிளைவுட்டாக இருந்தால் வெட்டிய ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடியுங்கள். மேல்பக்கத்துக்கு மட்டும் அடித்தால் ஈரம் கீழிருந்து ஏறிப் பலகை அப்பளம்போல வளைந்துவிடும்.

சன்னலை மூடி வையுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு வரும் குரங்குக் கூட்டத்தில் ஒன்று, போன கோடையில் என் சிவப்புப் பெட்டியைப் பழமென்று எண்ணி மாமரத்துக்குக் கொண்டுபோயிற்று. கடித்துப் பார்த்து ஏமாந்து கீழே எறிந்தது. பல் பதிந்த அந்தப் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

டொங்காட் வாசகர்: கரும்புக் காட்டை எப்படிச் செய்வது? கடையில் விற்கும் பச்சைப் பொடியைத் தூவிப் பார்த்தேன், கால்பந்து மைதானம்போல இருக்கிறது.

கரும்பு ஏறத்தாழ மூன்று மீட்டர் வளரும். 1:64இல் அது 4.5 செ.மீ. கால் துடைக்கும் தேங்காய்நார் மிதியடி பழையதாகிவிட்டால் எறியாதீர்கள். அதை 4.5 செ.மீ. அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, நாரைப் பிரித்தெடுத்து, பத்துப் பன்னிரண்டு இழைகளாகச் சேர்த்து அடியில் பசை வைத்து நடுங்கள். பச்சைச் சாயத்தை நீர்க்கக் கரைத்துத் தெளிக்கும்போது அடிப்பகுதியை மட்டும் தெளிக்காமல் பழுப்பாகவே விட்டுவிட வேண்டும், ஏனென்றால் காய்ந்த சோகை எப்போதும் கீழேதான் தொங்கும். எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வெட்டாதீர்கள். காட்டின் ஓரத்தில் ஒரு பகுதியை வெட்டுக்கு முன் எரித்த கரும்பாகக் காட்டலாம்: அந்த இழைகளுக்கு மட்டும் கறுப்புச் சாயம், தரையில் சாம்பலுக்குச் சிறிது பல்பொடி. மண்ணுக்கு, வடிகட்டிய தேயிலைத் தூளை நன்றாக வெயிலில் காயவைத்து இட்டால் எங்கள் பக்கத்துச் செம்பழுப்பு நிறம் அப்படியே வரும். ஈரம் சற்றே இருந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், காய்ந்ததாகத் தோன்றிய பிறகு இன்னும் ஒரு நாள் காயவிடுங்கள்.

தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஜல்லியைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் ஓர் எச்சரிக்கை. கடற்கரை மணல் சும்மாக் கிடக்கிறதே என்று அள்ளி வந்து போட்டுவிடாதீர்கள். நேட்டால் கடற்கரை மணலில் இல்மனைட்டும் மேக்னடைட்டும் கலந்திருக்கின்றன. ரிச்சர்ட்ஸ் பே அருகே மணலை அள்ளிச் சுரங்கத் தொழிலே நடக்கிறது. தமிழ்நாட்டில் மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலைப் பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அந்தக் கறுப்புத் துகள்கள் காந்தத்தால் ஈர்க்கப்படுபவை. எஞ்சின் மோட்டாருக்குள் இருப்பதோ நல்ல காந்தம். துகள் உள்ளே போய் ஒட்டிக்கொண்டால் பல்சக்கரம் தேய்ந்து மோட்டார் நின்றுபோகும். எந்த மணலானாலும் தாளில் பரப்பி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். பையில் மீசை முளைத்தால் அந்த மணல் வேண்டாம்.

பீனிக்ஸ் வாசகர்: சாதாரண டி.சி. போதுமா, டி.சி.சி. வாங்கவேண்டுமா? மின்வெட்டு நேரத்தில் ஓட்ட வழியுண்டா?

ஓர் எஞ்சின் மட்டும் ஓடினால் டி.சி. போதும்; அதில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை 12 வோல்ட் வரை ஏற்றி இறக்கி வேகத்தை மாற்றுகிறீர்கள். டி.சி.சி. எனும் டிஜிட்டல் கட்டளை முறையில் தண்டவாளத்தில் மின்னழுத்தம் எப்போதும் முழுதாக இருக்கும். ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஓர் எண் உண்டு, அந்த எண்ணுக்கு அனுப்பும் கட்டளையை அந்த எஞ்சின் மட்டும் கேட்கும். இரண்டு பேர் சேர்ந்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் அதை வாங்குங்கள். மின்வெட்டுக்கு, கார் பேட்டரியை நேரே தண்டவாளத்தில் இணைக்கும் யோசனையை ஒருவர் என்னிடம் சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்: ஒரு ஸ்குரூடிரைவர் பாதையின் குறுக்கே விழுந்தால் கம்பி பழுத்துத் தீப்பிடிக்கும். கண்ட்ரோலருக்கு முன்னால் பியூஸ் ஒன்றைப் போட்டு, அதன் வழியாக மட்டும் கொடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: எங்கள் கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாக வந்து ரயில் பாதையில் வேலை செய்தவர். அவர் காலத்தை மாதிரியாகச் செய்ய முடியுமா? எந்த ஆண்டை எடுத்துக்கொள்வது?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் தந்தையாரும் ரயில்வேயில் பாதை பழுதுபார்க்கும் கூட்டத்தில் சம்மட்டி பிடித்தவர்தாம்.

டர்பன் சந்தைச் சதுக்கத்திலிருந்து துறைமுக முனைவரை, மூன்று கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரம், 1860 ஜூன் 26 அன்று முதல் ரயில் ஓடியது. மதராசிலிருந்து புறப்பட்ட டுரூரோ கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு அதே துறைமுகத்தை அடைந்தது அவ்வாண்டு நவம்பர் 16 அன்று. இடையில் ஐந்து மாதம்கூட இல்லை. நம்மவர்கள் கரையிறங்கியபோது ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இதில் மாதிரி செய்பவர்களுக்கு ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த முதல் பாதை 1435 மி.மீ. அகலத்தில் போடப்பட்டது, 1870களில் அரசாங்கம் ரயிலைக் கையில் எடுத்த பிறகுதான் கேப் கேஜுக்கு மாறினார்கள். ஆகவே வெருலம் அன்பருக்கு நான் வேண்டாமென்று சொன்ன 1:87 விகிதம், எச்.ஓ. பாதையில் 1860ஆம் ஆண்டு டர்பனுக்கு மட்டும் அச்சுப்போலப் பொருந்தும்.

உங்களுக்கு நான் சொல்லும் ஆண்டு 1893. டர்பனிலிருந்து உங்கள் ஊருக்குப் பாதை 1880இலேயே வந்துவிட்டது. முப்பது அடிக்கு ஓர் அடி ஏற்றம், நெருக்கமான வளைவுகள் என்று மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதை அது. அதற்காகவே டப்ஸ் நிறுவனம் 1888 முதல் செய்து அனுப்பிய 4-8-2 டேங்க் எஞ்சின்கள் (முன்னால் நான்கு, நடுவில் எட்டு, பின்னால் இரண்டு சக்கரங்கள்; தண்ணீரைத் தன்மேலேயே சுமப்பவை), குட்டையாகவும் கனமாகவும், எட்டு இயக்கு சக்கரங்களோடு அங்கே ஓடின. மூன்று மீட்டர் பலகையில் இந்த ஏற்றத்தைக் காட்ட 10 செ.மீ. உயர்த்தினால் போதும், ஆனால் மாதிரி எஞ்சினும் திணறும். நான்கு வேகனுக்கு மேல் பூட்டாதீர்கள், எஞ்சினுக்குள் ஈயத்தகடு வைத்துக் கனமாக்குங்கள். 1893 ஜூன் 7 அன்று இரவு, முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது உங்கள் ஊர் ஸ்டேஷனில்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் அந்தக் காட்சியையே செய்ய விரும்புவார்கள். நீங்கள் செய்யவேண்டாம் என்பது என் கருத்து. அதே ஸ்டேஷனுக்கு ஒரு மைல் தள்ளி, விடியற்காலையில், பாதைக்கு ஜல்லி தள்ளிக்கொண்டிருக்கும் ஏழெட்டுப் பேரைச் செய்யுங்கள். 1:64இல் ஓர் ஆள் இரண்டரை செ.மீ. உயரம் இருப்பார். போர் விளையாட்டுக்காக விற்கும் 28 மி.மீ. பொம்மைகளை வாங்கி, துப்பாக்கியை வெட்டி எடுத்துவிட்டு அதே கையில் ஊசியால் செய்த கடப்பாரையைக் கொடுக்கலாம். தலைப்பாகைக்குப் பசையில் நனைத்த டிஷ்யூத் தாள். அவர்களில் ஒருவர் வேலையை நிறுத்தி, நிமிர்ந்து, போகிற ரயிலைப் பார்க்கட்டும். யாரென்று உங்களுக்குத் தெரியும்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: நான் 1965ஆம் ஆண்டு ஸ்டேஷன் ஒன்றைச் செய்துவருகிறேன். 'வெள்ளையருக்கு மட்டும்' பலகையை வைக்கலாமா என்பதில் வீட்டில் சண்டை. மருமகள் வேண்டாம் என்கிறாள், பேரன் வேண்டும் என்கிறான்.

நான் பேரன் பக்கம். ஆனால் மருமகளின் தயக்கத்தையும் மதிக்கிறேன். நம் வீட்டுக்குள் அந்தப் பலகையை நாமே எழுதி மாட்டுவது சிறிய காரியம் அன்று.

கேப் டவுன் ஸ்டேஷனில் வெள்ளையருக்கான காத்திருப்பு அறைக்குள் நுழைந்ததாக ஒருவர்மேல் வழக்குப் போட்டார்கள். மற்றவர்களுக்கு ஒதுக்கிய அறை அதற்கு ஈடாக இல்லை என்ற காரணத்தால் 1953இல் மேல் முறையீட்டு மன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசாங்கம் அறையைச் சீர்செய்யவில்லை, சட்டத்தைச் செய்தது: ஒதுக்கப்பட்ட வசதிகள் சமமாக இருக்கவேண்டியதில்லை என்று அதே ஆண்டில் தனி வசதிகள் சட்டம் வந்தது, 1990இல்தான் அது நீக்கப்பட்டது. ஒரு ரயில் ஸ்டேஷன் அறையிலிருந்து பிறந்த சட்டம் அது. அப்படியிருக்க, 1965ஆம் ஆண்டு ஸ்டேஷனைச் செங்கல் செங்கலாகச் செய்து, சிக்னல் கம்பிகூடச் சரியாக இழுத்துவிட்டு, பலகையை மட்டும் விட்டுவிட்டால் ஸ்டேஷனின் பாதி அமைப்புக்குக் காரணமே விளங்காது. டிக்கெட் சன்னல் ஏன் இரண்டு? நம்மவர்கள் ஏன் அந்தக் கோடிக்கு நடக்கிறார்கள்? பார்க்க வரும் சிறுவன் இதைக் கேட்பான்.

ஒரு யோசனை சொல்கிறேன். பலகையைப் பெரிதாகவும் முன்னாலும் வைக்காதீர்கள், அசலில் அது இருந்த அளவிலேயே வையுங்கள். 60 செ.மீ. பலகை 1:64இல் ஒரு செ.மீ.கூட இராது, பத்து செ.மீ. எழுத்து ஒன்றரை மில்லிமீட்டர்தான் வரும். கையால் எழுத முடியாது, அச்சடித்து ஒட்ட வேண்டும். இரண்டு மொழியிலும், அதாவது ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும். மருமகளிடம் ஆட்களைச் செய்யும் வேலையைக் கொடுங்கள். புனித வெள்ளிக்கு, 'இசிபிங்கோ ரயில்' என்ற ஊர்ப்பகுதியின் மாரியம்மன் கோயிலுக்கு மஞ்சள் சேலையோடும் பால் குடத்தோடும் புறப்படும் கூட்டத்தை அந்தப் பிளாட்பாரத்தில் நிறுத்துவதாக இருந்தால், அவர் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன்.

ஸ்டாங்கர் வாசகர்: பழைய பயணிகள் பெட்டிகளுக்கு என்ன நிறம் அடிப்பது?

1960 வாக்கிலிருந்து 'கல்ஃப் ரெட்' என்ற மங்கிய சிவப்பும் 'குவேக்கர் கிரே' என்ற சாம்பல் நிறமும். அதற்கு முந்தைய காலம் என்றால் பழுப்பு. எதை அடித்தாலும் டப்பாவிலிருந்து எடுத்தபடியே அடிக்காமல் சிறிது வெள்ளை கலந்துகொள்ளுங்கள், சிறிய பொருளில் நிறம் எப்போதும் கூடுதலாகக் கறுத்துத் தெரியும். கூரைக்கு மட்டும் கலக்க வேண்டாம்; அங்கே புகைக்கரி படிந்திருக்கும்.